நாற்பத்திரண்டு நட்சத்திரங்கள்

திங்கட்கிழமை, 9 நவம்பர் 1998

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தேன். இன்று பகலில் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு வந்தது. கேரலை விட்டுவிட்டேன். முதலில் நடந்தது என்பதால் மறந்திருக்கலாம்.

மாலை வகுப்பில் கணேசமூர்த்தி சார் எங்கள் எல்லோரையும் தினமும் இப்படி ஒரு நோட்டு எழுதச் சொல்கிறார். என்ன பிழை, என்ன காரணம், நாளைக்கு என்ன வேலை. நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வேண்டும் என்பார். பங்குத்தந்தை ஞானசேகரன் ஃபாதரும் நேற்று, "மிஷின்ல என்ன ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா" என்றார். அவருக்குக் கொடுப்பதைச் சுருக்கமாக எழுதிக்கொள்ளலாம். முழுவதையும் முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். வரிசை சரியாக இருக்குமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

எங்கள் கோயில் அலுவலகத்தில் ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. பெண், பிள்ளை விவரங்களை அச்சடித்த படிவத்தில் எழுதி, கட்டுக் கட்டாகப் பீரோவில் வைத்திருந்தார்கள். போன வருடக் கடைசியில் ஒரு கம்பெனி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தானமாகக் கொடுத்தது. நான் மாலை வகுப்பில் படிப்பது ஃபாதருக்குத் தெரியும். "நீயே பண்ணிக் குடு" என்றார்.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சார்தான் ஒரு ஃப்ளாப்பி கொடுத்தார். அதில் ஒரு சின்ன லைப்ரரி இருந்தது. யாரோ எழுதி வைத்த நிரல் துண்டுகளின் தொகுப்பு, நம் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளில் ஓடுவது போலத் தனி இயந்திரம், தனி ஆள் எதுவும் அதற்கு வேண்டாம். எல்லா விவரத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். நாற்பத்து மூன்று பெண்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் அந்த ஒரே கோப்பில் அடங்கினார்கள். ஃப்ளாப்பியில் பாதிகூட நிறையவில்லை.

அந்த லைப்ரரியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, அது எதையும் உடனே அழிக்காது. ஒருவரை நீக்கு என்று சொன்னால், அவர் பதிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும். அவ்வளவுதான். பெயர், வயது, உயரம் எல்லாம் கோப்பில் அப்படியே இருக்கும். தேடும்போது மட்டும் கண்ணில் படாது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் பழையபடி வந்துவிடும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் யாரையும் அழிக்கவில்லை.

மே மாதம் சோதனை செய்யும்போது கேரலின் பதிவில் நட்சத்திரம் விழுந்தது. அது உண்மையாகவே தவறுதான். கேரலுக்கு இருபத்தெட்டு வயது. பள்ளி ஆசிரியை, பாடற்குழுவில் முதல் குரல், ஐந்தடி நான்கு அங்குலம். மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அன்று வகுப்பில் அடுத்த பெஞ்சு ஷெர்வின் என் பக்கம் திரும்பி, "எங்கம்மா உன் மிஷின்ல பொண்ணு தேட வரப்போறாங்க. கேரல் டீச்சர் மாதிரி வேணுமாம்" என்றான். பிறகு, "உன் ப்ரோக்ராம் தப்பே பண்ணாதாமே, டோரதி" என்றான். அப்படி ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நட்சத்திரத்தை எடுப்பதை மறுநாளைக்குத் தள்ளிப் போட்டேன்.

மற்ற நாற்பத்தொரு பேருக்கும் தக்க காரணம் இருந்தது. நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். ஒருத்திக்கு ஞானஸ்நானச் சான்றின் நகல் இல்லை. ஒருத்தியின் புகைப்படம் மூன்று வருடம் பழையது. இருவர் உயரத்தைச் செருப்போடு அளந்தது போலத் தெரிந்தது. சரிபார்க்காத தகவலை மற்றவருக்குக் காட்டுவது முறையில்லை அல்லவா. சரிபார்க்கும்வரை நட்சத்திரம். ஜூன், ஜூலை இரண்டு மாதம் மெதுவாக, ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பட்டியலில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவளுடைய சான்றுகள் எல்லாம் சரியாக இருந்தன. அவற்றை நானே வாங்கி நானே கொடுத்திருந்தேன்.

கேரலின் அம்மா ஜோசஃபின் ஆன்ட்டி ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் பூசை முடிந்ததும் அலுவலகத்துக்கு வருவார்.

"என்னம்மா டோரதி, மிஷின் என்ன சொல்லுது?"

"இன்னும் பொருந்தலை, ஆன்ட்டி."

"நாங்க ரொம்பக் கேக்கறோமோ?"

இதைக் கேட்ட பிறகு வாரம் ஒரு நிபந்தனையைக் குறைத்துக்கொண்டே வந்தார். முதலில் பெங்களூரிலேயே இருக்க வேண்டும் என்பதை எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் பட்டப்படிப்பு. அப்புறம் உயரம். அப்புறம், "குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, அதை எப்பவாவதுன்னு மாத்திக்கோம்மா." செப்டம்பரில் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வந்து, மனைவியை இழந்தவர் என்றாலும் பரவாயில்லை, குழந்தை ஒன்றுவரை பரவாயில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார். கேரலுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றன்றே, எழுத்துப் பிழை இல்லாமல், கேரலின் பதிவில் ஏற்றினேன். இதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

நடுவில், ஜூலையில், மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு மாத விடுப்பில் வந்தார். ஆசிரியை வேண்டும், பாடத் தெரிந்தால் நல்லது என்றார். நான் தேடல் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பாவம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கோலாரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கேரல் இப்போது முதல் பூசைக்கு வந்து, யாரும் ஏதும் கேட்பதற்கு முன் போய்விடுகிறாள். முதல் பூசையில் பாடற்குழு கிடையாது.

ஷெர்வினின் அம்மா ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு வந்தார். ஏழு நிபந்தனைகள். ஐந்தடி இரண்டுக்குக் குறையக் கூடாது. நான் நான்கடி பதினொன்று. ஆனால் எதுவும் முழுதாகப் பொருந்தாவிட்டால், பொருத்தத்துக்கு அருகில் இருப்பதைக் காட்டும்படி நிரலை முன்பே திருத்தி வைத்திருந்தேன். அது நல்ல வசதி. சாரே பாராட்டினார். அச்சு இயந்திரம் ஒரே ஒரு வரியை அடித்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"டோரதி... யாரும்மா இது?"

"நான்தான், ஆன்ட்டி."

"நீயா? ஐயோ, மிஷினுக்கு நீயே சொல்லிக் குடுத்துட்டியா, கள்ளி!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். அது அன்பாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஓசூர்ப் பங்குக் கோயிலில் போய்ப் பெண் பார்த்தார்.

நேற்று பூசையில் ஷெர்வினுக்கும் அந்த ஓசூர்ப் பெண்ணுக்கும் முதல் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் வழக்கம்போல முடித்தார். எனக்குத் தடை எதுவும் தெரியவில்லை. எங்கள் பங்கில் ஜூலைக்குப் பிறகு வாசித்த முதல் ஓலை அது. அதிலும் பெண் வெளியூர்.

பூசை முடிந்ததும் பேண்டு வாத்தியக் குழுவின் டென்சில், ஃபாதரை வாசலிலேயே மடக்கிக்கொண்டார்.

"ஃபாதர், நாலு மாசமா சாவுக்குத்தான் ஊதறோம். இந்தப் பங்குல சாகறதுக்கு மட்டும்தான் ஆளிருக்கா? என் ட்ரம்பெட்டே அழுமூஞ்சி ஆயிடுச்சு."

ஃபாதர் சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பீரோவைத் திறந்து, பழைய படிவக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையில் பெண்கள் பட்டியலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் ஒரு வரி இருந்தது. அவர் படிவங்களை எண்ணினார். வெகுநேரம் எண்ணினார். பிறகுதான் எழுதிக் கொடுக்கச் சொன்னார். திட்டவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு பெண்களை நான்தான் மறைத்தேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை. ஜோசஃபின் ஆன்ட்டி ஒவ்வொரு நிபந்தனையாகக் குறைத்தபோது, அவற்றைப் படிக்கப்போவது யாருமில்லை என்று எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் மனது லேசாக இருக்கிறது. நான் மாறிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. நேற்று ஃபாதர் போன பிறகு டென்சில் உள்ளே வந்தார். "மிஷின்ல ஒரே ஒரு பொண்ணுதான் இருக்காமே. அந்தப் பொண்ணுக்குத் தாளமாவது தெரியுமா?" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு படிவம் கேட்டார். வயது முப்பது. பெண் ஆசிரியையாக, நன்றாகப் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நிரப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்தது வெறும் கேலி போலத் தெரியவில்லை. அவர் படிவத்தை இருமுறை படித்தேன். உயரத்தைப் பற்றி அதில் எதுவுமே இல்லை.

கேரலின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னால் தேதி எழுதவில்லை.

நாளைய வேலை: மாலை ஐந்தரைக்குக் கோயில் அலுவலகம். ஃபாதருக்கான தாளைக் கொடுக்க வேண்டும். டென்சிலின் பதிவை ஏற்ற வேண்டும். நாற்பத்தொரு நட்சத்திரங்களை எடுக்க வேண்டும்.