திரை போட்ட காலி வீடு

எங்கள் வரிசையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, சார். எனக்கு மூக்கு இருக்கிறது, என் சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது. கிள்ளானில் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பின்வீட்டு வீரம்மாவையும் அப்படித்தான் தெரியும். விதவை, பிள்ளை கிடையாது. செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் டயாலிசிஸ் வேன் வரும். பதினொன்றுக்குத் திரும்பினால் மாலை நான்கு வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். அவள் மாத்திரைகளின் நிறம்கூட எனக்கு அத்துப்படி. அக்கறை இல்லாமலா இதெல்லாம் தெரிந்து வைத்திருப்பேன்?

தைப்பூசம் முடிந்த வாரம் அவள் தன் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டாள். என் ஜன்னலுக்கு நேர் எதிர். கெட்டியான பச்சைத் துணி, நான்கு மூலையிலும் ஆணி. கோயிலில் அன்னதான வரிசையில் காரணம் கேட்டேன்.

"ஒங்க கண்ணு என் அடுப்புலயே கெடக்குக்கா. சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

வரிசையே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டு லட்சணமெல்லாம் எனக்குத் தெரியும். அதை விடுங்கள்.

அடுத்த மாதம் கார்த்திகேசு வந்தான். வீரம்மா வீட்டை ஒட்டி லோரி பட்டறை வைத்திருப்பவன். நிலத்துக்கு அடியில் டீசல் டாங்கியும் காஸ் டாங்கியும் புதைக்க லைசென்சுக்கு மனுப் போட வேண்டுமாம். மலாய் மொழியில் பாரம் நிரப்ப வேண்டும் என்றால் இந்த வட்டாரமே என்னிடம்தான் வரும். நான் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவள். மற்றவர்களுக்குத் தங்கள் பெயரைக் கட்டத்துக்குள் எழுதவே வராது.

"அக்கா, சுத்தி இருக்கிற வீடெல்லாம் படத்துல காட்டணும். வீரம்மாக்கா வீடு ரொம்ப கிட்ட லா. ஆள் இருக்கிற வீடுன்னா லைசென்ஸ் கெடைக்காது."

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்தான். பிறகு பாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். படிக்காதவனுக்குப் பாவமில்லை என்று நினைப்பு.

படத்தில் அவள் வீட்டின் மேல் காலி வீடு என்று எழுதியிருந்தேன். விருந்தாளி வராத, கல்யாணப் பத்திரிகை வராத வீட்டுக்கு வேறென்ன பெயர்?

அதிகாரி இடம் பார்க்க வர நாள் கேட்டார். வியாழன் காலை ஒன்பது மணி என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அன்று வேன் போனதும் அவள் வாசலில் கிடந்த வீட்டுச் சிலிப்பரை எடுத்தேன். கொடியில் கிடந்த இரண்டு கைலிகளையும் எடுத்தேன். அதிகாரி பூட்டைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போனார். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு கிளிப்கூட மாறவில்லை. வீரம்மா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான் அவள் கெட்டிக்காரத்தனம்.

லைசென்ஸ் வந்தது, டாங்கிகள் மண்ணுக்குள் இறங்கின. போன சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காஸ் நிரப்பும்போது பட்டறை தீப்பிடித்தது. தீயணைப்பு ஆட்கள் வேகமாகத்தான் வந்தார்கள். பட்டறை வேலியில் மாட்டியிருந்த அந்த லைசென்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம் ஓடிவந்தார்.

"ஆன்டி, அந்தப் பின்வீடு காலின்னு போட்டிருக்கு. கன்ஃபார்மா?"

சனிக்கிழமை. இரண்டு மணி. அவள் எங்கே படுத்திருப்பாள் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"காலிதான்" என்றேன். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று பேசுகிறவள் இல்லை நான்.

அவர்கள் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார்கள். என்னை வெளியேறச் சொன்னார்கள். நகைப் பெட்டியை எடுக்க என் சமையலறை வழியாகப் போனேன். எதிரே கம்பி போட்ட அவள் ஜன்னலுக்குக் கீழேதான் அவள் உடலை எடுத்ததாகச் சொல்கிறீர்கள். பச்சைத் திரையில் முதலில் இடது மூலை ஆணி பிடுங்கிக்கொண்டது, பிறகு வலது. அவள் கை கண்ணாடியை மூன்று முறை தட்டியது.

நான் பார்க்கவில்லை, சார். பார்க்கக் கூடாது என்றுதானே திரை போட்டிருந்தாள்.