கேட்டாண்ட ரெண்டு செகண்டு

பாக்கியராஜ்: ...அதான் சொல்றேன் இல்ல ஸ்நேகா. இந்த சிடில இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. பாலையும் தண்ணியையும் கலந்தாச்சு. இனிமே எப்டி பிரிக்கறது?

ஸ்நேகா: அங்கிள், எங்க அம்மா கல்யாணத்த எடுத்ததே நீங்கதான். கேசட்ட சிடியா மாத்திக் குடுத்ததும் உங்க ஸ்டுடியோதான். நீங்களே முடியாதுன்னா நான் யாராண்ட போறது?

ஈஸ்வரி: முடியாதுன்றாரே, கேக்குதா? எழுந்திரு. உங்கப்பா பைபாஸ்ல கார வெச்சிக்கினு நிக்கப்போறாரு.

ஸ்நேகா: பத்து மணிக்குதான வர்றேன்னாரு. இன்னும் அரை மணி நேரம் கீது. உக்காரும்மா.

ஈஸ்வரி: இன்னா புழுக்கம் இந்தக் கடையில...

பாக்கியராஜ்: ஃபேன உங்க பக்கம் திருப்பறேன் தங்கச்சி. ஆமா... இருவத்திமூணு வருசம் சும்மா கெடந்துச்சு. இன்னிக்கு இன்னா இவ்ளோ அவசரம்?

ஸ்நேகா: எங்க தாத்தாக்கு சீரியஸ் அங்கிள். அம்மாவோட அப்பா. பொதட்டூர்பேட்டைல. ஊட்டுக்கே கூட்டிக்கினு போயிடுங்கன்னு ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க. அம்மா போவ மாட்டேன்னுது.

ஈஸ்வரி: நம்மூட்டுக் கதைய எதுக்கு கடையில வந்து...

ஸ்நேகா: கேட்டா, "என் கல்யாணத்துக்கு வராத மனுசன், நான் ஏன் போவணும்"னுது. நேத்து தாத்தாவோட தங்கச்சி பூவம்மா ஆயா போன் பண்ணிச்சு. "யாருடி வரலன்னது? அண்ணன் சர்ச் கேட்டு வரைக்கும் வந்துட்டுதான் திரும்புனாரு"ன்னு சொல்லுது.

ஈஸ்வரி: அத்தை எதுனா சொல்லும். எப்டியாச்சும் என்ன அங்க இழுக்கணும் அதுக்கு.

ஸ்நேகா: அதான் வீடியோல பாத்துடலாம்னேன். வந்திருந்தா தாத்தாவ பாக்க நீ அப்பாவோட கார்ல ஏறணும். வரலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். பேசினதுதான?

ஈஸ்வரி: பேசினது நீ. நான் தலையாட்டினனா?

ஸ்நேகா: அங்கிள், இங்க நிறுத்துங்க. இதோ... பொண்ணு காரு வந்து நிக்குது. கேட்டாண்ட வெள்ளையா ஒருத்தரு. பாருங்க, ஆளா பொகையான்னே தெரியல.

பாக்கியராஜ்: பேண்டு செட்டுலேந்து காருக்கு காமிராவ திருப்பிக்கினே வந்தேன். அதனால மொத்தமும் ரெட்டையா கீது.

ஸ்நேகா: அம்மாக்குக்கூட ரெண்டு மூஞ்சி. சிடி குடுத்தப்போ கேட்டதுக்கு கேசட்டுல பூஞ்சைன்னு சொன்னீங்களாமே?

பாக்கியராஜ்: சொன்னேன்... பூஞ்சைல்லாம் ஒண்ணும் இல்ல.

ஸ்நேகா: பின்ன?

பாக்கியராஜ்: எல்லாம் நான் பண்ண வேலதான். பழைய கேசட்டுல ஒரு படம்ன்றது கோடு கோடா, ரெண்டு பாதிமா. ஒண்ணு மூணு அஞ்சுன்னு ஒத்தைக் கோடெல்லாம் ஒரு பாதி. ரெட்டைக் கோடெல்லாம் அடுத்த பாதி. நடுவுல கண்ண சிமிட்டற நேரம்கூட இல்ல. ஆனா அதுக்குள்ள ஆளு நகந்துடறான் இல்ல? கம்ப்யூட்டர்ல போட்டா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி நிக்கும்.

ஸ்நேகா: சரி...

பாக்கியராஜ்: கோடு கோடா கீதுன்னு கஸ்டமருங்க ஒரே பேஜாரு. சாப்ட்வேர்ல பிளெண்டுன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கினேன். ரெண்டு பாதியும் ஒண்ணா கலந்துச்சு. கோடு போயிடுச்சு. ஆனா நடக்கறவன், திரும்பறவன் எல்லாம் ஆவி மாதிரி ஆயிட்டான்.

ஸ்நேகா: அது தெரிஞ்சும் வுட்டுட்டீங்களா?

பாக்கியராஜ்: தெரியறதுக்குள்ள நூறு கல்யாணம் போயிடுச்சு. பாதிரிவேடு ஞானம்மா ஊட்ல, சிடில செத்துப்போன மாமியார் வராங்கன்னு பாஸ்டர வரவெச்சி மூணு நாளு ஜெபம் பண்ணாங்க. நான் போயி ஆமென் சொல்லிட்டு பிரியாணி சாப்ட்டு வந்தேன்.

ஸ்நேகா: அய்யோ அங்கிள்...

ஈஸ்வரி: சிரிச்சது போதும். அவரு தப்ப அவரே ஒத்துக்கினாரு. வா, போலாம்.

ஸ்நேகா: அந்தக் கேசட்டு?

பாக்கியராஜ்: ...கீது. பீரோல. நீங்க யாரும் திருப்பி வாங்கவே இல்லியே.

ஈஸ்வரி: பழைய கேசட்டுண்ணே. ஓட்டினா அறுந்துடும். வேணாம், வுடுங்க.

பாக்கியராஜ்: அறுந்தா ஒட்டிக்கலாம் தங்கச்சி. உங்க பொண்ணு கேக்கறது நாயம்தான. இரும்மா, கேசட்டு ஓட்டற டெக்க கனெக்ட் பண்றேன். இந்த தபா ஒண்ணையும் கலக்காம பாதி பாதியா தனித்தனியா எடுக்கறேன்.

ஸ்நேகா: ஹலோ... ப்பா, வந்துட்டியா? அதுக்குள்ளியா? இல்லப்பா, ஸ்டுடியோலதான். ஒரு பத்து நிமிசம்... அம்மாவா? உக்காந்துனு கீது. மா, அப்பா கேக்கறாரு, இன்னா சொல்லட்டும்?

ஈஸ்வரி: ஊட்டுக்குப் போவலாம்னு சொல்லு.

ஸ்நேகா: ப்பா, அங்கியே இரு. நான் கூப்புடறேன்.

ஈஸ்வரி: உனக்கு இன்னாடி தெரியும்? நான் உங்கப்பாவ கட்டிக்கப் போறேன்னு சொன்ன அன்னிக்கு, அந்த மனுசன் கெணத்தாண்ட போயி தலை முழுவுனாரு. நான் உயிரோட நிக்கறேன். ஊரே பாத்துச்சு. "எனக்குப் பொண்ணே இல்ல"ன்னு ஈரத் துணியோட தெருவுல நடந்து போனாரு. அவரா வருவாரு கல்யாணத்துக்கு?

ஸ்நேகா: அப்போ வீடியோல இருக்க மாட்டாரு. நீ ஏன் இப்டி எழுந்து எழுந்து உக்கார்ற?

ஈஸ்வரி: கால் மரத்துப்போச்சு.

பாக்கியராஜ்: ஓடுது... ஓடுது. பரவாயில்ல, கலர்கூட நல்லா கீது. இதோ பேண்டு செட்டு. இதோ காரு. இப்போ பாரு, கேட்டு.

ஸ்நேகா: அங்கிள்... இன்னா இது? அவரு முன்னாடி வராரு, பின்னாடி போறாரு. ஒரே துள்ளு துள்றாரு. வராரா போறாரா?

பாக்கியராஜ்: சே... வரிசை மாறிப்போச்சு. ரெண்டாவது வரவேண்டிய பாதி முன்னாடி வந்துடுச்சு. அதான் ஒரு அடி வெச்சி ஒரு அடி பின்வாங்கறாரு. இரு, மாத்தறேன்.

ஈஸ்வரி: அதான் தெளிவாவே இல்லியே. யாரோ எவரோ. சர்ச்சுக்கு ஆயிரம் பேரு வருவான்.

ஸ்நேகா: மா, கொஞ்சம் சும்மா இரேன்.

பாக்கியராஜ்: இப்போ சரியா வரும். மெதுவா ஓட்டறேன். ...வராரு. வெள்ள வேட்டி, தோள்ல துண்டு. கேட்டாண்ட வராரு. குனியறாரு...

ஸ்நேகா: செருப்ப கழட்டறாரு. நிக்கறாரு. தாத்தா... தாத்தாதான். பூவம்மா ஆயா ஊட்ல மாட்டி வெச்ச போட்டோல இதே மீசைதான். மா, பாரும்மா. வந்துருக்காரு. அவ்ளோ தூரத்துலேந்து வந்து, கேட்டு வரைக்கும் வந்துருக்காரு.

ஈஸ்வரி: ம்.

ஸ்நேகா: ம்மா, சொன்ன சொல்லு. எழுந்திரு, கார்ல ஏறு.

பாக்கியராஜ்: இன்னும் கீதுமா, இரு. காமிரா முழுசா திரும்பல.

ஸ்நேகா: இவ்ளோ தூரம் வந்தவரு, செருப்பையும் கழட்டிட்டாரு... ஏன் உள்ள வரல? அங்கிள், யாருனா தடுத்தாங்களா?

பாக்கியராஜ்: பக்கத்துல யாரும் இல்லியே. சும்மா நின்னுக்கினு கீறாரு.

ஸ்நேகா: ஒவ்வொரு படமா தள்ளுங்க. ...அம்மா கார்லேந்து எறங்குது. நேரா பாக்குது. நேரா... நேரா... இருங்க. பின்னாடி போங்க. இங்க திரும்புது. சிடில ரெண்டு மூஞ்சியா தெரிஞ்சது இதான். மா, நீ கேட்டு பக்கம் திரும்பிக் கீற.

பாக்கியராஜ்: வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்மா. கல்யாணப் பொண்ணுக்கு அன்னிக்கு கண்ணு எங்க தெரியும்...

ஈஸ்வரி: எனக்காக பொய் சொல்லாதீங்கண்ணே.

ஸ்நேகா: மா... நீ அவர பாத்தியா?

ஈஸ்வரி: அத நிறுத்துங்க முதல்ல.

பாக்கியராஜ்: நிறுத்திட்டேன் தங்கச்சி.

ஸ்நேகா: அப்பா திரும்பவும் போன் பண்றாரு. இன்னா சொல்லட்டும்? மா, உன்னதான்... பாத்தியா நீ?

ஈஸ்வரி: பாத்தேன். நைனாதான். எங்க ஊர்ல விசேச ஊட்டுக்காரங்க 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லாம யாரும் உள்ள கால் வெக்க மாட்டாங்க. செருப்ப கழட்டிட்டு என் வாயவே பாத்துக்கினு நின்னாரு. நான் மூஞ்ச திருப்பிக்கினு உள்ள போயிட்டேன். அப்புறம் வரல வரலன்னு உங்கப்பாகிட்ட, உன்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான். நேத்து அத்தை இன்னொண்ணும் சொல்லிச்சு, அத உனக்கு சொல்லல... நைனாக்கு ரெண்டு நாளா பேச்சு நின்னுபோச்சாம். இப்போ நான் போயி அந்த வாசல்ல நின்னா, என்ன 'வா'ன்னு யாருடி கூப்புடுவாங்க?