ஆறு பேர் இறாலையும் ஆய்ந்த பெண்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் நானே எழுதுவேன். நேற்றுக் காலை எண்ணூரில் ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். மடியில் டிபன் டப்பா வைத்திருந்தவள், "இறாலாலதான்டி நான் ஹிஸ்டரிக்கு மாறினேன்" என்றாள். காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஜுவாலஜில இன்னாடி ஆச்சு?" என்றாள் தோழி.

"இறால் காலை ஒண்ணொண்ணா எடுத்து அட்டையில ஒட்டச் சொன்னாங்க. காத்திவாக்கத்து மீன்காரக் கை சும்மா இருக்குமா? தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சு, குடலை உருவிட்டேன். மேடம் திரும்பறதுக்குள்ள மேசையில இருந்த ஆறு பேர் இறாலையும் ஆய்ஞ்சிட்டேன்."

"மஞ்சத்தூள் போட்டியா?"

"மேடமும் அதான் கேட்டாங்க. பரீட்சையிலயும் இதையேதான் பண்ணுவேன்னு பயந்து, நானே எழுதிக் குடுத்து மாறிட்டேன்."

"இப்போ?"

"அசோகர் மரம் நட்டுக்கினு கீறாரு. நான் நோட்டு ஓரத்துல நண்டு வரைஞ்சுகினு கீறேன்."

"டப்பாவுல இன்னா?"

"கடல்குதிரை. நைனா வலையில வந்துச்சு. மேடம் கிட்ட குடுத்து, மத்தியானத்துல லேபுக்கு வரட்டுமா, சும்மா பாக்கறேன், கை வெக்க மாட்டேன்னு கேக்கப்போறேன்."

"வோணாம்னுட்டா?"

"நாளிக்கி வேற ஒண்ணு எடுத்துக்கினு போவேன். கடல் பக்கத்துலதான கீது."

"உனக்குச் சோறு?"

"உன் டப்பா கீதே."

பேத்தி செல்வி, இதை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. இறால் வரும் இடத்தில் சிரிக்காதே. அந்த மேசையில் உன் பாட்டி நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.