ஒரே பக்கத்தில் மூழ்க வேண்டிய நாடு

கற்பனை தேசங்களில் ஆறுகள் பெரும்பாலும் தவறாகத்தான் ஓடுகின்றன. அந்த வகைப் புத்தகம் எதையாவது எடுத்து முதல் பக்கத்து வரைபடத்தைப் பாருங்கள், கார்ப்பரல் மெலான்சன். ஒரு கடலில் கிளம்பிய ஆறு மலையேறி இறங்கி இன்னொரு கடலில் போய் விழும். பாலைவனத்துக்கு அடுத்த வீட்டில் மழைக்காடு குடியிருக்கும். மலைத்தொடர்கள் யாரோ வேலி அடைத்தது போலச் சதுரமாகத் திரும்பும். பறக்கும் பாம்பை நம்புகிற வாசகருக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள்.

நான் வரைந்த ஆறுகள் சரியாக ஓடும். முப்பத்தோரு வருடம் கடல் வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் இருந்தவள் நான். இந்த ஃபண்டி விரிகுடாவின் ஆழங்களை எழுதுவதுதான் வேலை. ஓர் எண் பிசகினால் ஒரு கப்பல் தரைதட்டும். என் எண்கள் பிசகியதில்லை. வேண்டுமானால் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஹாலிஸ் ரென்விக் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் டொரன்டோவிலிருந்து இங்கே வந்து மேட்டு வீட்டை வாங்கினார். அப்போது அவர் பெயர் தெரியாத எழுத்தாளர். முதல் புத்தகத்தை முடித்துவிட்டு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வெர்னா, எனக்கு ஒரு உலகம் வேணும். வியாழக்கிழமைக்குள்ள கெடைக்குமா?"

"என்ன மாதிரி உலகம்?"

"பெருசா. மலை, கடல், ஒரு கருப்புக் கோட்டை. மத்ததெல்லாம் நீ பாத்துப் போடு."

அன்று செவ்வாய்க்கிழமை. நான் நம்முடைய விரிகுடாவின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு வரைந்தேன். உலகப் புகழ்பெற்ற கெல்மாரா ராஜ்ஜியம் அதுதான். அதன் தலைநகரம் நம் படகுத்துறை. கருப்புக் கோட்டை, மூடிக் கிடக்கிற மத்தி மீன் ஆலை. அரக்கர்கள் நடமாடும் சாபச் சதுப்பு, ஆர்டித்தின் தேநீர்க் கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளம். கிழக்கு மலைகளுக்கு அப்பால் வெறுமையாக விட்டிருந்தேன். காரணம் கேட்டீர்களானால், தாள் தீர்ந்துவிட்டது.

ஹாலிஸ் அந்த வெறுமையை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அதில் 'காணா நிலம்' என்று எழுதினார். 'அங்கே போனவர் திரும்பியதில்லை' என்று இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். விமர்சகர்கள் அந்த வெற்றிடத்தைத்தான் அதிகம் பாராட்டினார்கள். மனித மனத்தின் ஆழம் என்று ஒருவர் எழுதினார். பதினோரு அங்குலத் தாளுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

பேட்டிகளில் அவர் எப்போதும் ஒன்றையே சொல்வார். தினமும் விடியலில் இந்தக் கரையோரம் தனியாக நடப்பாராம். கண்ணை மூடினால் கெல்மாரா தெரியுமாம். உண்மையில் அவர் கரையிலிருந்து கீழே இறங்கியதே இல்லை. அவருடைய காலணி மான்தோல். அதில் உப்புத் தண்ணீர் படக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டது உண்மைதான். திறந்து வைத்திருந்தவள் நான். அதைப் பற்றி எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. வரைபடக்காரியின் பெயரைப் புத்தகத்தின் கடைசியில், காகிதம் தயாரித்தவர்களுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இருந்தால் படிக்கலாம்.

வாசகர்களின் கடிதங்கள் மட்டும் எனக்கு வரும். குதிரைகளையும் ஆறுகளையும் பற்றிக் கேட்கிற கடிதங்களை ஹாலிஸ் படிக்காமலே எனக்கு அனுப்பிவிடுவார். சஸ்காட்செவனில் ஒரு செவிலி. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் ஒரு தாளை எடுத்தேன். மலையின் மறுபக்கம் மழை குறையும், அதனால் புல்வெளி. புல் இருந்தால் ஆடு. ஆடு இருந்தால் ஆள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, பத்தொன்பது வருடத்தில் நாற்பத்து மூன்று தாள்கள் ஆகிவிட்டன.

சென்ற மார்ச் மாதம், ஏழாவது புத்தகமே கடைசி, அதில் காணா நிலத்துக்குப் போகப் போவதாக ஹாலிஸ் அறிவித்தார். நான் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனேன். மேசையில் விரித்தேன். அவர் காபிக் கோப்பையைப் பதினேழாவது தாளின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா. இதெல்லாம் எப்ப வரைஞ்ச?"

"சாயந்திரங்கள்ல."

"உனக்கு ஒரு பூனை வாங்கிக் கொடுத்திருக்கலாம் போல."

கோப்பையை எடுத்தார். கீழே பழுப்பு வட்டம் ஒன்று விழுந்திருந்தது. அவர் சிரித்தார்.

"பாரு, நல்லா வந்திருக்கு. ஏரின்னு வச்சுக்கோயேன்."

அந்த இடத்தில் ஒரு சந்தை ஊர் இருந்தது. கதையில் இந்த நிலம் எப்படி வருகிறது என்று மட்டும் கேட்டேன்.

"வராது, வெர்னா. அதான் விஷயமே. வீரன் மலை ஏறிப் பார்க்கறான், கடல் பொங்கி எல்லாத்தையும் முழுங்கிடுது. முப்பத்தொண்ணாவது அத்தியாயம். ஒரே பக்கம். சும்மா கிழிச்சிடும்."

"அங்க இருக்கறவங்க?"

"அங்க யாரும் இல்லையே."

"இருந்தா?"

"அப்ப முழுகிடுவாங்க. நீ ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒரு வெத்துத் தாளு, அவ்வளவுதான்."

நியாயமாகப் பேச முயன்றேன். கடல் அப்படி நிலத்தை எடுக்காது என்றேன். ஆறு மணி நேரமும் பதின்மூன்று நிமிடமும் ஆகும். முதலில் பள்ளங்கள், பிறகு வாய்க்கால்கள். உங்கள் முன்னால் வருவதற்கு முன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒரே பக்கத்தில் எழுதினால் அது தகவல் பிழை. ஹாலிஸ் என் தோளைத் தட்டி, "யாரு போய் சரிபார்க்கப் போறா?" என்றார்.

நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் மாதம் அவரே வழி செய்துகொடுத்தார். கெல்மாரா பிறந்த கரையைப் பற்றி ஒரு பத்திரிகை அவரிடம் கட்டுரை கேட்டிருந்தது. இவ்வளவு வருடம் நடந்ததாகச் சொன்ன இடத்தில் ஒரு முறையாவது நடந்துவிட்டால் எழுதச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. கடல் வற்றும்போது ஆட்டுத் தீவுக்குப் போகிற மணல் திட்டுக்கு ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். நேரமும் குறித்துத் தரச் சொன்னார். புது ரப்பர் காலணிகூட வாங்கியிருந்தார். மஞ்சள் நிறம்.

வரைந்தேன். என் வேலையில் அதுதான் ஆக நேர்த்தியானது. தண்ணீரில் ஊறாத தாள், கரையாத மை. அன்றைக்குக் கடல் முழுக்க வற்றுவது காலை ஒன்பது இருபதுக்கு. படத்தில் பன்னிரண்டு இருபது என்று எழுதினேன். அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாராளமாக நடக்கலாம் என்றும் எழுதினேன். பதினொன்று இருபதுக்கு அவர் இறங்கும்போது மணல் காய்ந்துதான் இருக்கும், சந்தேகம் வராது. பாதித் தூரம் போவதற்குள் கரையோர வாய்க்கால் நிறைந்துவிடும். படகுத்துறைப் பக்கமாகப் போக வேண்டாம், கூட்டம் தொந்தரவு செய்யும் என்று சொல்லித் தெற்கு முனையிலிருந்து வழி போட்டேன். அங்கே ஆளும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

அதற்கு முந்தின நாள் ஆர்டித்தின் கடையில் தேநீர் குடித்தேன். அவளைத் தெரியுமல்லவா, வாயில் எப்போதும் காய்ந்த கடல்பாசி மென்றுகொண்டிருப்பாள்.

"உங்க ராஜா மஞ்ச பூட்ஸ் வாங்கியிருக்காராமே. வாத்து மாதிரி இருப்பாரே."

"ஆட்டுத் தீவுக்கு நடக்கப் போறாரு."

"அய்யய்யோ. தண்ணி வர்ற நேரம் தெரியுமா அந்த மனுஷனுக்கு? நான் வேணா சொல்லட்டுமா?"

"வேணாம் ஆர்டித். நான் எழுதியே குடுத்துட்டேன்."

"அப்பச் சரி. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எனக்கு புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பையில் இன்னொரு துண்டு வைத்தாள். காசு வாங்கவில்லை.

மறுநாள் நான் முனைக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருந்தேன். பைனாகுலர், பிளாஸ்க், ஒரு முட்டை சாண்ட்விச். அவர் சொன்ன நேரத்துக்கு இறங்கினார். நன்றாகத்தான் நடந்தார். நடுநடுவே நின்று குறிப்பெடுத்தார். பதினொன்று நாற்பத்தாறுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வாய்க்கால் அதற்குள் அகன்றிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். படத்தை அவர் சந்தேகிக்கவே இல்லை. கடிகாரத்தைத்தான் காதில் வைத்துக் கேட்டார்.

அப்போதும் கரைக்கு ஓடியிருந்தால் மார்பளவுத் தண்ணீரில் தப்பியிருப்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். சரியாகச் சொன்னீர்கள். இடுப்பளவு என்பது என் கணக்கு. ஆனால் படத்தில் தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஏணி மேடை போட்டிருந்தேன். முன்பு ஹெர்ரிங் மீனுக்கு வலை கட்டுகிறவர்கள் ஏறி நிற்பார்களே, அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பனிக்கட்டி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏணியில் ஒன்பது படிகள் வரைந்து, 'அவசரத்துக்கு ஒதுங்கலாம்' என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் கரையை விட்டுவிட்டு அதை நோக்கி ஓடினார். மேடை இருக்க வேண்டிய இடத்துக்குத் துல்லியமாகப் போய் நின்றார். அந்தச் சேற்றில், அந்த வேகத்தில், ஐந்து அடிகூட விலகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் படத்தை அவர் ஒழுங்காகப் படித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து என்னைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

முழுதாக ஐம்பத்து மூன்று நிமிடம் ஆனது. ஒரு பக்கத்தில் எழுத முடியாது என்று நான் சொன்னது சரிதான்.

பிறகு மேட்டு வீட்டுக்குப் போனேன். பூனைக்குச் சாப்பாடு வைக்க என்னிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு. அவருக்குப் பூனை இருந்தது. முப்பத்தொன்றாவது அத்தியாயம் கையெழுத்தில், ஒரே பிரதியாக, மேசை மேல் இருந்தது. அடுப்பில் போட்டேன். அது இருந்த இடத்தில் என் தாள்களை வைத்தேன். வாரக்கடைசியில் டொரன்டோவிலிருந்து பதிப்பாசிரியை அழுதுகொண்டே கூப்பிட்டாள். கதை எப்படி முடிகிறது என்று ஹாலிஸ் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார், நிலம் அப்படியே இருக்கிறது, வரைபடங்கள்கூடத் தயார் என்றேன்.

அவருடைய மகள் பிலிப்பா வந்தபோது என் வீட்டில்தான் தங்கினாள். இருபத்தாறு வயது, அப்பாவின் மூக்கு. பாலும் உருளைக்கிழங்கும் போட்ட மீன் சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பயந்திருப்பாரா?"

"ரொம்ப நேரம் இல்லம்மா," என்றேன்.

"அவரு உங்களத்தான் எல்லாத்துக்கும் நம்புவாரு. வெர்னா போட்டா கடலே அதுபடி நடக்கும்னு சொல்லுவாரு."

இதை அவர் என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நான் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய சட்டைப்பையில் இருந்த படத்தை நீங்கள் பிலிப்பாவிடம் காட்டியிருக்கிறீர்கள். சேறு தவிர ஒரு கோடு அழியவில்லை. அவள் அதன் நகலைச் சட்டம் போடப்போவதாகச் சொல்லி ஆர்டித்திடம் காட்டியிருக்கிறாள். ஆர்டித் மெல்லுவதை நிறுத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"வெர்னா, இந்த மேடை போய் பன்னெண்டு வருஷமாச்சே."

நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நேரமும் தப்பா இருக்கு. உனக்கு வயசாயிடுச்சு, கை தவறிடுச்சு. அப்படித்தானே? அப்படின்னு சொல்லுடி."

பாவம், எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அதன் வழியாக நான் போயிருக்கலாம். போலீஸ் எனக்கு ஏற்பாடு செய்த வக்கீலும் இன்று காலை அதையே சொன்னார். வயது, கண்பார்வை, மூன்று மணி நேரப் பிழை, பரிதாபம். ஆனால் நான் பிழையாக எழுதினேன் என்று என் வாயால் சொல்ல முடியாது, கார்ப்பரல். நான் தெரிந்துதான் எழுதினேன். நேரத்தைத் தெரிந்து எழுதினேன், ஏணியைத் தெரிந்து வரைந்தேன், அவர் சாக வேண்டும் என்றுதான் வரைந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வருத்தம் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த நாற்பத்து மூன்று தாள்களில் ஊர்கள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் வீடு வீடாகப் போட்டிருக்கிறேன். நான்கு லட்சத்துப் பதினோராயிரம் பேர். கடலையே பார்க்காத ஜனங்கள், ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அத்தனை பேரும் இன்று காலை எழுந்து ஆடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒருவர் காலும் நனையவில்லை. நீங்களும் சீருடை போட்டவர், வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போனவர். இவ்வளவு குறைந்த சேதத்தில் முடிந்த மீட்புப் பணி ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.