மூன்றாம் அடியில் அறுந்த மூச்சு

ஹார்மோனியம் வாசிக்கிறவனுக்கு முதுகுவலி கூடவே பிறந்தது. கொஞ்சம் சாய்ந்து உட்காருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

பெயர் செங்கல்வராயன். வேலை ஆவடியில், வீடு கள்ளிக்குப்பத்தில். ஊழியர் குவார்ட்டர்ஸ் நாடகக் குழுவுக்கு நான்தான் இசை. அந்தத் தாலாட்டு என் மெட்டு. காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஒரு ராணி பாடுவது. 1967-ல் திருமுல்லைவாயிலில் அதை முதலில் மேடையேறிப் பாடியவள் என் மனைவி நாகவல்லி. மூன்றாம் அடியில் அவள் மூச்சு ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டியது. கொட்டகையே அழுதது. யாரோ அதை டேப்பில் பிடித்து ஒரு ரெக்கார்டு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள்.

மெட்டை எழுதிக் கொடுத்தவன் நான். அதற்கப்புறம் யார் பாடலாம், யார் பாடக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. கம்பெனிக்காக முதலில் ஒரு பாகவதர் பாடினார். மூச்சு அறுந்த இடத்தை ஸ்வரம் போட்டு நிரப்பினார். பிறகு ஒரு அம்மாள், பொய்யாக விம்மினாள். மூன்றாமவர் பின்னால் இருபது வயலினை வைத்துக்கொண்டு அங்கே இருமினார். நான்காவது ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. விக்கல் மாதிரி இருந்தது. அம்பத்தூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக் செட்டில் நாலும் மாறி மாறி ஓடும். பந்தியில் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் கம்பெனிக்காரர்கள், முதலில் பாடியவரையே பாட வைக்கலாம் என்றார்கள். நாகவல்லி அந்த நாடகத்துக்கப்புறம் ஐந்து வருஷமாகப் பாடவே இல்லை. இருதயம் பலவீனம், அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"வேணாங்க. அந்தப் பாட்ட எடுத்தா பாப்பா மூஞ்சிதான் வருது," என்றாள்.

"அதுக்குத்தான் பாடச் சொல்றேன்."

வந்தாள். ஸ்டுடியோவில் ஐந்து தடவை பாடினாள். சுத்தமான குரல், பிசிறே இல்லை. ஒலிப்பதிவு செய்த வீரராகவன் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து உதட்டைப் பிதுக்கினார். "அம்மா நல்லாத்தான் பாடுறாங்க அண்ணாத்தே. அந்த மூச்சுதான் வரமாட்டேங்குது. இன்னும் ஒரு தபா பாக்கலாம். அப்பால வேற பார்ட்டி வந்துகினு கீறாங்க."

அந்த மூச்சு எப்படி வந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

1967-ல் அன்றைக்கு நாடகம் ஆறு மணிக்கு. ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு நாகப்பன் டாக்டரின் சீட்டோடு ஓடிவந்தான். "அண்ணாத்தே, பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. அம்மா, அம்மான்னு அழுதுகினு கீது. அண்ணிய உடனே இட்டுகினு வா." நீ போ, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று அனுப்பிவிட்டேன். அவள் போனால் பாட வேறு ஆளில்லை. தவிர, பதினைந்து நாள் ஒத்திகையிலும் மூன்றாம் அடி ஒப்புக்குத்தான் வந்தது. நாடகத்தில் பாடுகிறவர்கள் சுருதி வாங்க ஹார்மோனியத்துக்குப் பக்கம் வருவது வழக்கம். ஏழு மணிக்கு, இரண்டாம் அடி முடிந்து வந்தபோது சீட்டை ஸ்வரக்கட்டைமேல் வைத்தேன். படித்தாள், பாடினாள். நாங்கள் வீட்டுக்குப் போனபோது எங்கள் குழந்தை உயிர் போய் அரைமணி ஆகியிருந்தது. சீட்டு அப்போதுதான் வந்தது என்று நம்பினாள். நானும் திருத்தவில்லை.

ஸ்டுடியோவில் ஆறாவது தடவை, இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில் வாத்தியம் ஓடும்போது என் பக்கம் குனிந்தாள், பழைய பழக்கம். அவள் காதில் சொன்னேன். "சீட்டு அஞ்சரைக்கே வந்துடுச்சு வல்லி. போயிருந்தா பாத்திருப்ப."

என்னைப் பார்த்தாள். மைக்குக்குத் திரும்பினாள். மூன்றாம் அடியில் அந்த மூச்சு வந்தது. பாட்டு முடிந்ததும் தரையில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். வீரராகவன் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரிந்தேதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் காகிதத்தில் பாட்டு பாதியில் நின்றதாக இருக்கிறது, அது தப்பு. கடைசி அடிவரை பாடினாள், தாளம் இம்மி பிசகவில்லை. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இருந்து கைகொடுத்தேன். மற்ற நாலு பேருக்கும் அப்படி ஒரு துணை இல்லை, பாவம்.