தவளைக் கல்யாணமும் கபடிக் கோப்பையும்

ஒரு கையால் மாலையைத் தாங்கி, மறு கையால் கொசுவை விரட்டி, இரு கைக்கும் வேலை கொடுத்தபடி தலைமை ஏற்றிருக்கும் முல்லை நகர் நலச்சங்கத் தலைவர் ராஜசேகர் அவர்களே! நெல்லைச் சீமையின் நேர்மையையும் நெடுங்கோபத்தையும் ஓசூருக்கு ஒருசேர ஏற்றிவந்த செயலாளர் அண்ணன் சுடலைமுத்து அவர்களே! நாமெல்லாம் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் இந்த மண்ணில் நமக்கு இடம் கொடுத்த பெரியவர் கெம்பம்மா அவர்களே! இரண்டாம் ஷிப்டுக்கு லீவு சொல்லி வந்த தோழர்களே, சீரியலைத் துறந்து வந்த செந்தமிழ்த் தாய்மார்களே! கெலமங்கலம் சாலைத் தொழிற்சாலையொன்றில் தரம் பார்க்கும் மோகன்குமார் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு 'சுற்றுச்சூழலும் சுகாதாரமும்'. நான் பேசப்போவது தவளையைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக் காலை லாரி லாரியாக மண் வந்து நம் குட்டையை மூடப்போகிறது. மூடலாமா, கூடாதா என்று இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப்போகிறீர்கள். தூக்குவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலம். தவளை கத்தியது, தூக்கம் கெட்டது என்றார்கள். யார் சொன்னது? இரும்புத் தகட்டை இடி இடியென இடிக்கும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறார்களே, அவர்கள் சொன்னார்கள். சங்கம் கூடியது. தீர்மானம் போட்டது. பட்டறைக் கழிவு எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் குட்டையில் இறங்கியது. தவளை போனது, தலைப்பிரட்டை போனது, தட்டான் போனது, மீன் போனது, மீனை நம்பி வந்த கொக்கும் போனது. அமைதி வந்தது. அண்ணன் சுடலைமுத்துவின் தோளுக்குப் பொன்னாடையும் வந்தது.

மழையில் எண்ணெய் வழிந்தோடியதும் முதலில் திரும்பி வந்தவர் யார்? பின்வரிசையில் ஒருவர் 'மாமனார்' என்கிறார். அவர் அடுத்து வந்தவர் ஐயா. முதலில் வந்தவர் கொசு. தின்ன ஆளில்லாத குட்டையில் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்.

தவளை போனதை நாம் எப்போது அறிந்தோம்? இந்தக் கோடையில் மழை பொய்த்தது. தவளைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்பது இவ்வூர் வழக்கம். வருமா வராதா என்பது வேறு பட்டிமன்றம். குட்டைக்கு வேலி போட்டுப் பூட்டியிருக்கிறோம், சாவி அண்ணனிடம். கெம்பம்மா அவர் வீட்டுக்கே வந்தார்.

"கப்பெ பேக்கு சாமி. மதுவெ மாடபேக்கு."

கன்னடத்தில் கப்பெ என்றால் தவளை. அண்ணன் காதில் விழுந்ததோ கப்பு. நம் கபடி அணி வாங்கிய வெள்ளிமுலாம் கோப்பை.

"கல்யாணத்துக்குக் கப்பு எதுக்கு ஆத்தா?"

"எரடு பேக்கு. கண்டு ஒந்து, ஹெண்ணு ஒந்து." ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று ஜோடி கேட்டார்.

"ரெண்டுக்கு எங்க போவேன்? ஒண்ணுதான் இருக்கு. பத்திரமா கொண்டுவந்து தந்துரணும்" என்று கோப்பையைத் துடைத்து, சாவியோடு கொடுத்துவிட்டார். கெம்பம்மா என்ன நினைத்தார்? தவளை பிடிக்கப் பாத்திரமும் கொடுக்கிறாரே, எத்தனை நல்ல மனுஷர் என்று நினைத்தார். பொழுது சாயும்வரை குட்டையைச் சுற்றிவிட்டு, கோப்பையோடு வந்து நின்றார்.

"கப்பெ இல்ல சாமி. ஒந்தும் இல்ல."

"என்ன ஆத்தா வெளையாடுதியா? கப்பு ஒங் கையிலதான இருக்கு?"

"இல்ல சாமி, கப்பெ இல்ல."

தெருவே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஜோடித் தவளைகூட இல்லாத ஊரில் நாம் குடியிருக்கிறோம்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. மெஷினை நிறுத்திய பிறகும் ஆப்பரேட்டர் ஆடிக்கொண்டிருந்தார். மெஷினில்தான் கோளாறு என்று மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டோம். என் மகள் ஸ்வாதி மூன்று கம்பளிக்குள் பல் கிட்டி நடுங்கினாள். எத்தனையோ மேடையில் வாய் கிழியப் பேசியவன் நான், அன்று பயந்துபோனேன். வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டரம்மா மலேரியா என்றார், மருந்து தந்தார், பிள்ளை பிழைத்தாள்.

"கொசு பெருகுற குட்டைய மூடிட்டா சரியாயிடுமா மேடம்?" என்று கேட்டேன்.

"மூடுனா மழத்தண்ணி எங்க போகும்? உங்க தெருவுல நிக்கும். கொசு அங்க முட்ட போடும். அதத் திங்கத் தவளையும் இருக்காது, மீனும் இருக்காது" என்றார்.

நான் தரம் பார்ப்பவன். ஒரு சின்ன வாஷர் விட்டுப்போனால் முழு வண்டியும் திரும்பி வருவதைப் பார்த்தவன். தவளை காட்டுக்குச் சொந்தம், காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் என்று பிரித்து வைத்தவர் யார்? சம்பளம் கேட்காமல், சங்கம் அமைக்காமல், லீவு எடுக்காமல் நம் வாசலில் இரவு ஷிப்ட் பார்த்ததே தவளை, அதை வேலைநீக்கம் செய்தோமே, அதற்கு நாம் வாங்கிய கூலி போதாதா? எண்ணெயை நிறுத்துவோம். குட்டையைத் தூர் வாருவோம். மீன் விடுவோம். தவளை தானே வழி தேடி வரும்.

அண்ணன் சுடலைமுத்து தலை குனிந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து முன்வரிசையில் அமரும் கருப்பாயி அண்ணி இன்று வரவில்லை. காலையிலிருந்து குளிரும் காய்ச்சலும். அண்ணனுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

பொறுங்கள், அண்ணன் செல்போனில் மண் லாரிக்காரரைக் கூப்பிடுகிறார். மைக்கை அவர் பக்கம் திருப்புகிறேன்.

"ஏ மாரிமுத்து, நாளைக்கு மண்ணு வேண்டாம்டே. ஒரு லாரியும் வரக்கூடாது. தீர்மானமா? அது கெடக்கட்டும், எம் பொண்டாட்டி கெடந்து நடுங்குதா. குட்டை இருக்கட்டும்டே."

தலைவர் அவர்களே, மூடக்கூடாது என்பவர்களை இப்போது கை தூக்கச் சொல்லுங்கள். அதோ, சொல்வதற்கு முன்பே தூக்கிவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் புறப்படட்டும், வழிவிடுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடித்துக்கொண்டே கேட்ட கொசுக்களுக்கும் நன்றி. எல்லோரும் நோயின்றி இருங்கள், வணக்கம்.