வண்டி நேராகத்தான் போனது

ஸ்டீயரிங் நேராக இருந்தால் வண்டியும் நேராகப் போகும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள், சார். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை வைத்துத்தான் இருபத்திரண்டு வருஷமாக நான் பிழைக்கிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறை எங்கள் இருவருடையது. தம்பியை வெளியில் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண வண்டியை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி அரை அடி உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக் காடு மேடெல்லாம் ஓட வைப்பான். அப்படி உயர்த்தியதும் முன்சக்கரங்களின் கோணம் கெட்டுவிடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்தால் தம்பி அலட்டிக்கொள்ள மாட்டான், "கோணல் அண்ணன் பாத்துப்பாரு" என்பான். அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்ததும் அவன்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பன்னிரண்டு வருஷம் சிரித்தேன். அவன் உயர்த்திய வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் வண்டிக்கு அடியில் பள்ளத்துக்குள் கிரீஸும் கையுமாக நிற்பேன்.

போன மாதம் பட்டறைக்குப் புதுப் பலகை வந்தது. அவன் பட்டப்பெயர் ஆளுயர எழுத்தில், பக்கத்தில் அவன் வண்டியின் படம். என்னைத் தேடிப் பார்த்தேன். 'முன்சக்கரக் கோணமும் பார்க்கப்படும்' என்று அடியில் ஒரு வரி இருந்தது. அதுதான் நான். வயிறு எரிந்தது, சார், மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

அடுத்த வாரம் தம்பி தன் சொந்த வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினான். மறுநாள் மலைப்பாதையில் போட்டி. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அறுபதைத் தாண்டும்போது குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது என்றான். உதறுகிற வண்டிக்கு முதலில் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பார். இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

தம்பி மேலே உட்கார்ந்தான், நான் பள்ளத்தில் இறங்கினேன். முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் வலது முனை மூட்டில் கை வைத்ததும் டொக் என்று தட்டியது. இன்னொரு முறை அசைக்கச் சொன்னேன். மறுபடியும் டொக். உயர்த்திய வண்டியில் அந்தக் கம்பி சாய்ந்து நிற்கும், மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். அது கழன்றால் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும். புது மூட்டு ஒன்று என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை.

ஆட்டம் இருக்கிற வண்டியை நான் கோணம் பார்க்கும் மெஷினில் ஏற்றியதே இல்லை. கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அன்றைக்கு ஏற்றினேன்.

நிற்கிற வண்டியின் கோணத்தைத்தான் மெஷின் சொல்லும். தேய்ந்த மூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லா எண்களையும், சரி என்று காட்டும் பச்சைக்குக் கொண்டுவந்தேன், இழுப்பு போய்விட்டது. உதறலுக்கு ஸ்டீயரிங் கம்பியில் கனமான டாம்பர் ஒன்றை மாட்டினேன். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் குழாய் அது. வலிக்கிற பல்லுக்கு மாத்திரை கொடுப்பது போல, பல் அப்படியேதான் இருக்கும். உதறல் இருந்த வரைக்கும் தம்பிக்கு அறுபதைத் தாண்டப் பயம். அந்தப் பயத்தை நான் கழற்றிவிட்டேன். அதைத் தவிர வேறு எதையும் கழற்றவில்லை. ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை. உங்கள் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்களே, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தான். பச்சை எண்கள் அச்சான தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"உன் கை இல்லன்னா நான் இல்லண்ணா. பலகைல உன் பேரையும் போடணும்னு வீட்ல அவ திட்டிட்டே இருக்கா. போட்டி முடிஞ்சதும் மாத்திடலாம்."

நல்லது என்றேன். இழுப்பறை இரண்டடி தள்ளித்தான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, மூன்றாவது வளைவில், எண்பதில் போயிருக்கிறான். அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

பின் ஏன் நானாக வந்து சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். மனசாட்சி என்றெல்லாம் எழுத வேண்டாம். பாடையை எடுக்கிற நேரத்தில் தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து அந்தத் தாளைக் கையில் கொடுத்தாள். மடிப்புகூடக் கலையவில்லை. "எல்லாம் பச்சையாத்தானே இருந்திருக்கு. நீங்க மனச விட்டுடாதீங்க மாமா" என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் பின்னால் நின்ற மெக்கானிக்குகள் கிசுகிசுத்தார்கள். கோணலுக்கே கண்டுபிடிக்கத் தெரியவில்லையே, கை போய்விட்டது போல என்றார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, சார். இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். வலது முனை மூட்டு. அதைத் தெளிவாக எழுதுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். இரண்டாம் முறை டொக் என்றபோது ஜன்னல் வழியாகக் குனிந்து, "என்னண்ணா, ஏதாவது ஆடுதா?" என்று கேட்டான். ஒண்ணுமில்லடா என்றேன்.

ஒரு தடவைதான் கேட்டான். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.